பதினான்காவது அளவு

சித்தப்பா எதையும் அளக்காமல் விடமாட்டார். வீட்டில் கேக் வெட்டினால்கூடச் சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவிவிடுவார். "ஆளுக்கு ஆறரை சென்டிமீட்டர். யாருக்கும் கூடவும் இல்லை, குறைவும் இல்லை," என்று அறிவித்த பிறகுதான் கத்தி கேக்கைத் தொடும். அதற்குள் எல்லாருக்கும் சாப்பிடும் ஆசையே போய்விடும். ஆனால் கேக்குக்காக அந்த வீட்டில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு வெல்டர். இரும்புக் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்யும் பட்டறையில் வேலை. பட்டறையில் அவரை 'அளவு மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த அளவு மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் நின்ற பழைய பச்சை ஜீப்பின் பின்னால் குந்தி உட்கார்ந்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த பம்பரைக் கழட்டிடலாம்," என்றார்.

"கழட்டிட்டு?" என்று கேட்டாள் எறும்பு.

எறும்பு என்பது அவருடைய அண்ணன் மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். பத்து வயது. அவள் எழுத்து அவ்வளவு பொடிப்பொடியாக, அவ்வளவு நேராக வரிசையில் போகும். நோட்டைத் திறந்தால் எறும்பு ஊர்வது மாதிரியே இருக்கும்.

"கழட்டிட்டுப் புதுசா, கனமா ஒண்ணு போடுவோம். கூடாரம், அடுப்பு, தண்ணி கேன் எல்லாத்தையும் அதுமேலேயே நிக்க வைக்கலாம். உள்ளே நீங்க ரெண்டு பேரும் காலை நீட்டி உட்காரலாம்."

"அப்போ என் தலையில பாத்திரம் இருக்காதா?" என்று கேட்டான் அவள் தம்பி. அவனுக்கு ஆறு வயது. காதில் விழுந்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான் என்பதால் அவன் பெயர் டமாரம்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் அவர்கள் குடும்பத்தோடு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்குப் போவார்கள். அங்கே கூடாரம் போட்டு நான்கு நாள் தங்குவார்கள். பாதை முழுவதும் கல்லும் குழியும்தான். ஜீப்பைத் தவிர வேறு எதுவும் ஏறாது. சாமான்களை அப்பா ஜீப்பின் கூரைமேல் அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். மேலே கொள்ளாதது உள்ளே வரும். போன வருடம் எறும்பு அடுப்பைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தாள். டமாரத்தின் தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். வழி முழுக்க அவன் அதைத் தட்டிக்கொண்டே வந்தான்.

இந்த வருடம் அப்பா இல்லை. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்கிறார். திரும்பி வர இன்னும் ஐந்து மாதம் ஆகும்.

"அவர் வந்தப்புறம் போகலாமே," என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போனில் பேசும்போது அப்பாவும் கொஞ்சம் இழுத்தார். "கூரைமேல ஏறிக் கட்டணும், அவிழ்க்கணும், உனக்குக் கஷ்டமாச்சே."

"இந்த வருஷம் நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் அம்மா.

அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறார். நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் போய் வருகிறவருக்கு வண்டி ஓட்டுவதில் என்ன பயம்? கூரைதான் பிரச்சினை. ஒரு முறை ஏறிப் பார்த்தார். கயிறு வெடுக்கென்று இழுத்து மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அதன்பிறகும் கிளம்பும் நாளுக்கென்று நாள்காட்டியில் போட்ட சிவப்பு வட்டத்தை அம்மா அழிக்கவில்லை. அந்த வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் முகத்தில் ஒரு தனிக் களை வரும். எறும்பு அதைக் கவனித்திருந்தாள்.

"கூரையில இருந்ததைப் பின்னாடி இறக்கிட்டா ஏற வேண்டியதே இல்லை," என்று சித்தப்பா விளக்கினார். "எனக்குப் பட்டறையில லீவு கிடைக்காது. அண்ணி தனியா எடுக்கணும், தனியா வைக்கணும். அதுக்குத்தான் இந்த பம்பர். எறும்பு, நோட்டை எடு."

அன்று முழுவதும் அளவெடுப்புதான். சித்தப்பா டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, எறும்பு மறுமுனையைப் பிடித்தாள். கூடாரப் பை, தார்ப்பாய், படுக்கைச் சுருள்கள், மடக்கு நாற்காலிகள், கேஸ் அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர் கேன், மண்வெட்டி, விளக்கு, முதலுதவிப் பெட்டி என்று ஒன்று விடாமல் நீளம், அகலம், உயரம். கரண்டியைக்கூட விடவில்லை.

"கரண்டி எதுக்கு சித்தப்பா?"

"கரண்டி வெளியே நீட்டிட்டு இருந்தா மூடி மூடாது. மூடி மூடலைன்னா வழியில எல்லாம் கொட்டிப்போகும். அப்புறம் குழம்பை எதால கிளறுவீங்க?"

கடைசியில் பதிமூன்று பொருள்கள் ஆயின. எறும்பு எண் போட்டுக் கோடு கிழித்து எழுதினாள். சித்தப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்து, "பட்டறையில இப்படி எழுத ஒருத்தருக்கும் வராது," என்றார். எறும்புக்கு அன்று தலைகால் புரியவில்லை.

பிறகு மூன்று வாரம் வேலை நடந்தது. மாலையில் பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவினாரோ இல்லையோ, சித்தப்பா கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். கிரைண்டர் கத்தும். வெல்டிங் வெளிச்சம் சுவரில் பளிச்சிடும். "அந்தப் பக்கம் பாருங்க, கண்ணு கெட்டுடும்," என்று பிள்ளைகளை விரட்டுவார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்கே போயின. விரல்களில் மூன்று இடத்தில் தீக்காயம். பனியன் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

முடிந்த அன்று, மேலே போட்டிருந்த போர்வையைச் சித்தப்பா மெதுவாக இழுத்தார்.

அழகாகத்தான் இருந்தது. கனமான சதுரக் குழாயில் கறுப்பு பம்பர். அதன் இடது முனையில் பெரிய கீல். அந்தக் கீலில், வீட்டுக் கேட் மாதிரி திறந்து மூடும் ஒரு இரும்புச் சட்டம். சட்டத்தின் நடுவில் ஸ்டெப்னி டயர். டயருக்குப் பக்கத்தில் நாற்காலிகளும் மண்வெட்டியும். டயருக்கு மேலே அடுப்புப் பெட்டி. எல்லாவற்றுக்கும் உச்சியில் தண்ணீர் கேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு விரல் நுழைய இடம் இல்லை.

சித்தப்பா கையை நீட்டி மேலே இருந்த தாழ்ப்பாளைத் தட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம். சட்டம் வெண்ணெய் மாதிரி வழுக்கித் திறந்தது. கேனைத் தூக்கிக் கீழே வைத்து, மறுபடி தூக்கி மேலே வைத்தார்.

"தாழ்ப்பாளை ஏன் அவ்வளவு மேல வச்சேன் தெரியுமா? கீழே வச்சா சேறு அடைச்சுக்கும்."

"பிரமாதம் தம்பி," என்றார் அம்மா. "கடையில வாங்கினாக்கூட இப்படிக் கிடைக்காது."

சித்தப்பா அன்று கேக்கே இல்லாமல் டேப்பை வெளியே எடுத்து, நீட்டி, சுருட்டி, நீட்டி, சுருட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு ரொம்ப மகிழ்ச்சி என்றால் அப்படித்தான்.

மறுநாள் மதியம் சித்தப்பா பட்டறைக்குப் போயிருந்தார். எறும்பு தொலைந்துபோன அழிப்பானைத் தேடிக் கொட்டகைப் பக்கம் போனாள். ஜீப்பின் பின்னால் அம்மா நின்றிருந்தார்.

அம்மா நுனிக்காலில் நின்று கையைத் தலைக்குமேல் நீட்டித் தாழ்ப்பாளைப் பிடித்தார். கை எட்டியது. ஆனால் அழுத்தியும் தாழ்ப்பாள் அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். 'டக்' என்றது. சட்டம் திறந்ததும் அம்மா கேனின் அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து நெம்பினார். கேன் அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. அது அரை விரல் உயர்ந்து, ஆடி, மறுபடி 'தொம்' என்று உட்கார்ந்தது. அம்மா இன்னொரு முறை முயன்றார். பிறகு கைகளைத் தொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா," என்றாள் எறும்பு.

அம்மா சட்டென்று திரும்பினார். "நீ எப்போ வந்தே?"

"எட்டலையாம்மா?"

"எட்டுது. தூக்கத்தான் முடியலை." அம்மா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "இதைச் சித்தப்பாகிட்ட சொல்லாதே. மூணு வாரமா கையைச் சுட்டுக்கிட்டுச் செஞ்சிருக்காரு. மனசு உடைஞ்சுடும். எனக்கு வாக்குக் குடு."

எறும்பு வாக்குக் கொடுத்தாள். கொடுத்த மறுநொடியே ஏன் கொடுத்தோம் என்று இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த வருஷம் ஏரி வேண்டாம்னு நினைக்கிறேன். எனக்கு நிறைய வேலை இருக்கு. அப்பா வந்தப்புறம் எல்லாரும் சேர்ந்து போகலாம்."

சித்தப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "என்ன அண்ணி திடீர்னு?"

"அடுத்த வருஷமும் பம்பர் இருக்குமில்லை தம்பி. அது எங்கே போகப்போகுது?"

"என்ன வேலைம்மா?" என்று கேட்டான் டமாரம். "ஸ்கூல்தான் லீவாச்சே. வேன்கூட ரிப்பேருக்குப் போயிருக்கே."

"வீட்டு வேலை," என்றார் அம்மா.

எறும்பு தட்டில் சோற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஏரிக்குப் போகாவிட்டால் பரவாயில்லை என்றுகூட அவளால் சமாதானம் செய்துகொள்ள முடிந்தது. ஆனால் 'நான் கூட்டிட்டுப் போறேன்' என்று சொன்ன அம்மாவும், 'அப்பா வரட்டும்' என்று சொல்லும் அம்மாவும் ஒரே ஆள் மாதிரியே தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக நோட்டைத் திறந்தாள். எங்கே தப்பு நடந்தது? கேனின் உயரம் சரி. அடுப்பின் அகலம் சரி. கூடாரப் பை, நாற்காலி, கரண்டி எல்லாம் சரி. ஒவ்வொன்றையும் மறுபடி அளந்து பார்த்தாள். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. சித்தப்பா மேலும் தப்பில்லை, தன் எழுத்திலும் தப்பில்லை. பின்னே?

ஒன்று முதல் பதிமூன்று வரை இன்னொரு முறை விரலை வைத்துக்கொண்டே படித்தாள். பதிமூன்றாவது வரிக்குக் கீழே விரல் நின்றது. கீழே வெறும் தாள்தான் இருந்தது.

சட்டத்தைத் திறந்து மூடிப் பார்த்தது சித்தப்பா. கேனைத் தூக்கிக் காட்டியது சித்தப்பா. அந்தத் தாழ்ப்பாள் அவருடைய தாடைக்கு நேராக இருந்தது. கேன் அவருடைய மார்புக்கு நேராக இருந்தது. சித்தப்பா வாசலில் குனிந்து நுழைகிற உயரம்.

"ஐயோ, நானும்தானே கூட இருந்தேன்," என்று எறும்பு முணுமுணுத்தாள். நோட்டை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, சுவரோட ஒட்டி நில்லு. உன்னைவிட நான் எவ்வளவு குள்ளம்னு பார்க்கணும்."

அம்மா சிரித்துக்கொண்டே நின்றார். எறும்பு நாற்காலிமேல் ஏறிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர்.

அன்று மாலை சித்தப்பா முகம் கழுவிவிட்டுக் கொட்டகைக்கு வந்தார். செய்ய வேலை இல்லை என்றாலும் வந்தார். பம்பரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது எறும்பு பின்னால் வந்து நின்றாள்.

"சித்தப்பா, ஒரு அளவு விட்டுப்போச்சு."

சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. இதைவிட மோசமான செய்தியை அவரிடம் யாரும் சொல்ல முடியாது.

"எது?"

"எடுத்து முடிச்சப்புறம் சொல்றேன். இப்போ நீங்க முட்டி போடணும்."

"நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?"

"தப்பு எதுவும் இல்லை. அளவுக்காகத்தான்."

அளவுக்காக என்று சொல்லிவிட்டால் சித்தப்பா மறுப்பு சொல்லமாட்டார். முட்டி போட்டார். எறும்பு அவர் உச்சந்தலைவரை டேப்பை இழுத்துப் பார்த்தாள். நூற்று முப்பத்தைந்து. மனக்கணக்காகக் கழித்துவிட்டு, மூலையில் கிடந்த மரப்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஜீப்பின் பின்னால் அடுக்கினாள். மேலே சாக்கை மடித்துப் போட்டாள். சரியாகப் பதினான்கு சென்டிமீட்டர்.

"இதுமேல முட்டி போட்டுக்கிட்டே கேனை எடுத்துக் கீழே வைங்க. எழுந்திருக்கக் கூடாது."

"என்ன விளையாட்டு இது?" என்று டமாரம் ஓடி வந்தான். "நானும் முட்டி போடட்டா?"

"நீ பார்வையாளர். பார்வையாளர் பேசக் கூடாது," என்றாள் எறும்பு. டமாரம் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தான்.

சித்தப்பா சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினார். கை தலைக்குமேல் போனது. அழுத்தினார். அசையவில்லை. இரும்புக் கேட்டை ஒற்றைக் கையால் தூக்குகிறவர் அவர். ஆனால் தலைக்குமேல் நீட்டிய கையில் அந்தப் பலம் எதுவும் இல்லை. முகம் சிவந்து, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் அழுத்திய பிறகுதான் 'டக்' என்றது.

"இதுல எண்ணெய் விடணும்," என்றார்.

"முந்தாநேத்து வழுக்கிட்டுத் திறந்துச்சே சித்தப்பா."

சித்தப்பா முட்டியாலேயே நகர்ந்து சட்டத்தைத் திறந்துவிட்டுக் கேனின் அடியில் கையைக் கொடுத்தார். நெம்பினார். கேன் கிளம்பியது, முன்னால் சாய்ந்தது, நேராக அவர் முகத்தின்மேல் வந்தது. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூடி கழன்றுகொண்டு தண்ணீர் குபுகுபுவென்று தலையில் கொட்டியது. டமாரம் வாயைப் பொத்தியிருந்த கைக்குள்ளேயே சிரித்தான். எறும்புகூட ஒரு நொடி சிரித்துவிட்டாள்.

பாதி காலியான கேனைத் தரையில் வைத்துவிட்டுச் சித்தப்பா முட்டி போட்டபடியே இருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே தாழ்ப்பாளைப் பார்த்தார். கேன் இருந்த இடத்தைப் பார்த்தார். காலுக்கடியில் இருந்த பலகைகளைப் பார்த்தார்.

"எறும்பு, இப்போ என் உயரம் எவ்வளவு?"

"நூத்தி நாப்பத்தொம்பது."

சமையலறை ஜன்னலில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பது தெரிந்தது. சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுக்குத்தான் ஏரி வேண்டாம்னு சொன்னாங்களா?"

எறும்பு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "என்கிட்ட கேட்காதீங்க சித்தப்பா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"சரி, கேட்கலை," என்றார் சித்தப்பா. மனசு வலிக்கத்தான் செய்தது அவருக்கு. மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் செய்தது சரியில்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் வலிக்காது? அதைவிட, அது தெரிந்தும் தன்னிடம் சொல்லாமல் ஏரியையே விட்டுக்கொடுத்த அண்ணியை நினைத்தபோது இன்னும் வலித்தது.

அவர் எழுந்தார். ஈரச் சட்டையோடு, டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். பின்னாலேயே எறும்பு. அவள் பின்னால் டமாரம்.

"அண்ணி, ஒரு நிமிஷம் நேரா நில்லுங்க. உங்க அளவு எடுக்கணும்."

அம்மா ஈரக் கையோடு திரும்பினார். நனைந்துபோன சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு எறும்பை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் எதுவும் சொல்லலைம்மா. சித்தப்பாவே முட்டி போட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு."

"தலையில தண்ணி கொட்டிக்கிட்டாரு," என்று டமாரம் அதுவரை அடக்கிவைத்திருந்ததை வெளியே விட்டான்.

"விடுங்க தம்பி," என்றார் அம்மா. "அவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க. அதைப் போய் வெட்டுறதா?"

"அழகா இருந்து என்ன அண்ணி பிரயோஜனம்? பதிமூணு பொருளை அளந்தேன். அதையெல்லாம் எடுக்கப்போற கையை அளக்கலை. பட்டறையில தெரிஞ்சா என் பேரையே மாத்திடுவாங்க." அவர் சிரிக்க முயன்றார். "நீங்க நேத்தே சொல்லியிருக்கலாம்."

"சொல்ல மனசு வரலை."

"இனிமே சொல்லுங்க. எனக்கு வருத்தமா இருக்கும்தான். ஒரு வாய் காபி குடிச்சா சரியாயிடும்."

அம்மாவின் தோள், முழங்கை, இடுப்பு, நீட்டிய கை என்று சித்தப்பா சொல்லச் சொல்ல எறும்பு எழுதிக்கொண்டாள். நோட்டில் பதினான்கு என்று எண் போட்டு, பக்கத்தில் 'அம்மா' என்று எழுதினாள்.

நாள்காட்டியில் சிவப்பு வட்டத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

"எல்லாத்தையும் அப்படியே கீழே இறக்கிட்டா ஆச்சு," என்றார் அம்மா.

"அது முடியாது. ரொம்ப இறக்கினா ஏரிக்கரை மேட்டுல ஏறும்போது பம்பர் கல்லுல தட்டும். வண்டி அங்கேயே மாட்டிக்கும்." சித்தப்பா தலையைச் சொறிந்தார். "கேன்தான் வில்லன். அதைக் கீழே வச்சா நாற்காலி மேல போகணும். அதுகூடப் பரவாயில்லை, லேசானதுதான். ஆனா கீழே டயருக்கும் கீலுக்கும் நடுவுல வச்சா, கேனை வெளியே உருவ இடம் பத்தாது."

எறும்பு நோட்டில் இருந்த ஆறாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேன், இருபது லிட்டர்.

"கேனை எதுக்கு சித்தப்பா வெளியே எடுக்கணும்?"

"எடுக்காம?"

"நமக்குத் தண்ணிதானே வேணும்? கேன் வேண்டாமே. அது அங்கேயே இருக்கட்டும். அடியில ஒரு குழாய் வச்சுட்டா பாத்திரத்தைப் பிடிச்சுக்கலாம். தீர்ந்துபோனா ஏரியிலேர்ந்து வாளியில கொண்டுவந்து ஊத்திக்கலாம்."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சித்தப்பாவைப் பார்த்தார்.

"இருபது வருஷமா இரும்போட மாரடிக்கிறேன்," என்றார் சித்தப்பா. "எனக்கு இது தோணலை பாருங்க."

அன்று இரவே கிரைண்டர் மறுபடி கத்தியது. தான் பற்றவைத்ததைத் தானே அறுக்கும்போது சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் இந்த முறை அம்மாவும் கொட்டகையில் இருந்தார். ஒவ்வொன்றையும் பொருத்துவதற்கு முன், "இங்கே வந்து கையை வச்சுப் பாருங்க அண்ணி," என்று கூப்பிடுவார். அம்மா வந்து கையை வைத்து, "இன்னும் கொஞ்சம் கீழே," என்பார். முதல் நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டாம் நாள் தயக்கமில்லாமல் சொன்னார். மூன்றாம் நாள், "இது சரியில்லை, மறுபடி வைங்க," என்றே சொன்னார்.

கேன் கீழே போனது. அதில் மஞ்சள் கைப்பிடி வைத்த ஒரு சின்னக் குழாய். நாற்காலிகளும் படுக்கைச் சுருள்களும் உச்சிக்குப் போயின. தாழ்ப்பாள் சேறு படாமல் மேலேயே இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு நீளக் கம்பி அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. அதை இழுத்தால் போதும். அடுப்புப் பெட்டியைக் கழற்றி இறக்க வேண்டியதே இல்லை. அதன் மூடியைச் சங்கிலியில் தொங்கவிட்டால், அம்மா நின்று சமைக்கத் தோதாக ஒரு மேசை ஆகிவிடும். பெயின்ட் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. காய நேரம் இல்லை.

சிவப்பு வட்டம் போட்ட நாளன்று, வெயில் ஏறுவதற்குள் மூவரும் கிளம்பினார்கள். சித்தப்பா வாசலில் நின்று கையசைத்தார்.

ஏரிக்கரை மேட்டில் ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. பின்னால் எதுவும் தட்டவில்லை. மேலே ஏறியதும் ஏரி பளபளவென்று தெரிந்தது. வேறு ஆள் யாரும் இல்லை. அம்மா வண்டியை ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தினார்.

"நான் கூடாரப் பையை எடுக்கட்டுமாம்மா?" என்று எறும்பு கதவைத் திறந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் அங்கே போய் உட்காருங்க," என்றார் அம்மா. "நான் பார்த்துக்கிறேன்."

இருவரும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பார்த்தார்கள். அம்மா ஜீப்பின் பின்னால் போனார். கம்பியை ஒற்றைக் கையால் இழுத்தார். 'டக்' என்றது. சட்டம் வழுக்கித் திறந்தது. நாற்காலிகளை மேலிருந்து உருவிப் பாறைப் பக்கம் விரித்துப் போட்டார். கூடாரப் பையை எடுத்துவிட்டுச் சட்டத்தை மூடினார். அடுப்பு மூடியைச் சங்கிலியில் இறக்கினார். பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தார். எதற்கும் நுனிக்காலில் நிற்கவில்லை. எதற்கும் யாரையும் கூப்பிடவில்லை. பிறகு கையைத் தட்டிக்கொண்டார்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. அம்மா ஏரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஜீப்பின் பின்னால் போய்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு மறுபடி கம்பியை இழுத்தார்.

"இன்னும் என்னம்மா எடுக்கணும்?" என்று டமாரம் கேட்டான்.

"ஒண்ணும் இல்லை," என்றார் அம்மா. "சும்மா திறந்து பார்க்கிறேன்."